காற்றும் வெயிலும் சட்டப் புத்தகத்தில் ஏறட்டும்

வைகாசி பிறந்ததும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று இறங்கத் தொடங்கிவிடும். முப்பந்தலில் நெடுஞ்சாலை ஓரம் நிற்பவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம்கூடக் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருக்கும். அப்படிக் காற்று உச்சத்தில் வீசுகிற நாட்களிலேயே சில காற்றாலைகள் ஓடாமல் நிற்பதுண்டு. பழுது எதுவும் இருக்காது. உற்பத்தியைக் குறைக்கும்படி சென்னையிலுள்ள மாநில மின்சுமைப் பகிர்வு மையத்திலிருந்து உத்தரவு வந்திருக்கும். அதே நேரத்தில் ஒடிசாவிலிருந்து கப்பலில் வந்த நிலக்கரி எண்ணூரில் எரிந்துகொண்டிருக்கும்.

சூரிய மின் நிலையங்களுக்கும் இதே கதி நேர்ந்தபோது வழக்கு மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போனது. 2021 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. மின்கட்டமைப்பின் பாதுகாப்புக்காகச் செய்ததாகச் சொல்லப்பட்ட குறைப்புகளில் பெரும்பகுதி வணிகக் காரணத்துக்காகவே நடந்தது என்று தீர்ப்பாயம் கண்டது. உற்பத்தியாளர்களுக்கு இழப்பீடு தரவும் சொன்னது. மேடைதோறும் பசுமை மின்சாரத்தைப் பற்றிப் பேசும் ஒரு மாநிலம், அதை வாங்காமல் நிறுத்தியதற்காகத் தண்டம் கட்டும் நிலைக்கு வந்தது. வெறும் அறிவிப்புகளின் மேல் கட்டிய கொள்கை கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்.

தூய மின்சாரத்துக்கும் சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கும் தமிழ்நாடு சட்டமன்றம் சட்டம் இயற்ற வேண்டும் என்பதே நமது நிலைப்பாடு. அரசாணை போதாது. மானியக் கோரிக்கை நாளில் உறுப்பினர்களின் மேசைக்கு வரும் கொள்கை விளக்கக் குறிப்பு போதாது. விவாதத்துக்கே இடமில்லாத விதி 110 அறிக்கையும் போதாது.

ஏன் போதாது என்பதற்கு வேறெங்கும் போய்ச் சான்று தேட வேண்டாம். 2012-இல் தமிழ்நாடு தனது முதல் சூரிய மின்சக்திக் கொள்கையை வெளியிட்டது. 2015-க்குள் 3,000 மெகாவாட் என்றது இலக்கு. பெரிய மின்நுகர்வோர் தங்கள் பயன்பாட்டில் 6 சதவீதத்தைச் சூரிய மின்சாரமாக வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயமும் அதில் இருந்தது. கொள்கையின் முதுகெலும்பே அதுதான். அதைத் தாங்கச் சட்டம் எதுவும் இல்லை. அரசின் கொள்கை வழிகாட்டுதலும் ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆணையும் மட்டுமே இருந்தன. தொழில் துறையினர் மேல்முறையீடு செய்தார்கள். 2014 ஜனவரியில் அந்த ஆணை ரத்தானது. 2015-இல் இலக்கின் பக்கத்தில்கூட நாம் இல்லை. அடுத்து 2019-இல் இன்னொரு கொள்கை வந்தது: 2023-க்குள் 9,000 மெகாவாட், அதில் 40 சதவீதம் நுகர்வோரின் கூரைகளிலும் வளாகங்களிலும். 2023 முடிந்தபோது மொத்த இலக்கும் எட்டப்படவில்லை, கூரைகளின் பங்கு சில நூறு மெகாவாட்டைத் தாண்டவும் இல்லை.  அதற்கு யாராவது பேரவையில் எழுந்து பதில் சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை.

சட்டம் வந்தால் என்ன ஆகும் என்பதையும் தமிழ்நாடே காட்டியிருக்கிறது. 2003-இல் சென்னை குடிநீருக்குத் தவித்தபோது எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பதைக் கட்டாயமாக்கி அவசரச் சட்டம் வந்தது. நாள் குறிக்கப்பட்டிருந்தது; அமைக்காவிட்டால் குடிநீர் இணைப்பைத் துண்டிக்கலாம் என்ற விளைவும் எழுதப்பட்டிருந்தது. அந்த மாதங்களில் தெருவுக்குத் தெரு குழி வெட்டி, கருங்கல் ஜல்லியும் மணலும் கொட்டி, மொட்டைமாடிக் குழாயைத் திருப்பிவிட்டதை இன்றைக்கு நாற்பது வயது தாண்டிய எவரும் மறந்திருக்க மாட்டார்கள். ஜெயலலிதா அரசின் மற்ற முடிவுகளை எப்படி மதிப்பிட்டாலும் இந்த ஒன்றுக்காக நகரம் அவருக்குக் கடன்பட்டிருக்கிறது.

அதே 2003-இல்தான் தமிழ்நாடு நிலத்தடி நீர் வளர்ச்சி மற்றும் மேலாண்மைச் சட்டமும் நிறைவேறியது. நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்ட சட்டம். ஆனால் எந்த நாளில் நடைமுறைக்கு வரும் என்பதை அரசு பின்னர் அறிவிக்கும் என்று விட்டுவிட்டார்கள். அந்த நாள் வரவே இல்லை. பத்து ஆண்டுகள் கிடப்பில் கிடந்துவிட்டு 2013-இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. அந்தப் பத்து ஆண்டுகளில் கோவை, சேலம், நாமக்கல் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகள் எத்தனை அடி கீழே போயின என்பதை அந்த ஊர் விவசாயிகளைக் கேட்டால் தெரியும். எனவே சட்டம் என்று பெயர் வைத்தால் மட்டும் போதாது. நடைமுறைக்கு வரும் தேதி சட்டத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். விதிகளை இத்தனை மாதத்துக்குள் வகுக்க வேண்டும் என்பதும் அதற்குள்ளேயே இருக்க வேண்டும்.

மூன்றாவதாகக் காவிரிப் படுகை. மீத்தேன் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராக நடந்துகொண்டிருந்தபோதே 2013 டிசம்பரில் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் மறைந்தார். பிறகு எண்ணெய், எரிவாயு எடுப்பதை எதிர்த்துக் கதிராமங்கலத்திலும் நெடுவாசலிலும் போராட்டங்கள் வந்தன. மக்கள் ஆண்டுக்கணக்கில் பந்தலில் உட்கார்ந்த பிறகு, 2020 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் குறைகள் உண்டு. திருச்சியும் அரியலூரும் கரூரும் வெளியே விடப்பட்டன. ஏற்கெனவே நடந்துவந்த எண்ணெய்க் கிணறுகளை அது தொடவில்லை. ஆனாலும் 2023 ஏப்ரலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகிய நிலக்கரிப் படுகைகளை ஒன்றிய அரசு ஏலப் பட்டியலில் சேர்த்தபோது, முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில் இந்தச் சட்டத்தைத்தான் எடுத்து வைத்தார். சில நாட்களில் மூன்றும் பட்டியலிலிருந்து நீங்கின. ஒரு கட்சி ஆட்சி இயற்றிய சட்டம் மறு கட்சி ஆட்சிக்கு ஆயுதமானது. அரசாணைக்கு அந்த ஆயுள் கிடையாது; ஆட்சி மாறினால் ஒரு கையெழுத்தில் அது போய்விடும்.

உலக அனுபவத்திலிருந்து ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது நமக்குச் சுருக்கென்று தைக்க வேண்டியது. அமெரிக்காவில் எண்ணெய்க்குப் பேர்போன டெக்சாஸ் மாநிலம் 1999-இல் ஒரு சட்டம் போட்டது. 2009-க்குள் புதிதாக 2,000 மெகாவாட் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்றது அது. கையெழுத்திட்டவர் அன்றைய ஆளுநர் ஜார்ஜ் புஷ். சுற்றுச்சூழல் போராளி என்று அவரை யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த ஆண்டு டெக்சாஸிடம் இருந்த காற்றாலைத் திறன் 200 மெகாவாட்டுக்கும் குறைவு. தமிழ்நாடு அதைப்போல் பல மடங்கு முன்னே நின்றது. 2005-இல் டெக்சாஸ் இன்னொரு சட்டம் இயற்றியது: காற்று அடிக்கும் மேற்குப் பகுதிக்கு மின்தடத்தை முதலில் போடுவோம், ஆலைகள் பின்னால் வரட்டும் என்று. அடுத்த பத்து ஆண்டுகளுக்குள் சுமார் 5,800 கிலோமீட்டர் உயரழுத்தத் தடம் எழுந்தது. இன்று அங்கே காற்றாலைத் திறன் 40,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. நாம் 12,000-ஐ ஒட்டி நிற்கிறோம். இந்தியாவுக்குள்ளேயே குஜராத் நம்மை முந்திவிட்டது. டெக்சாஸின் பரப்பு நம்மைப்போல் ஐந்து மடங்கு என்பது உண்மை. ஆனால் முப்பந்தலின் மிகச் சிறந்த காற்றிடங்களில் தொண்ணூறுகளில் நட்ட 225, 250 கிலோவாட் இயந்திரங்கள் இன்னும் நின்றுகொண்டிருப்பதற்கும், மின்சாரத்தை வெளியே கொண்டுபோகத் தடம் பற்றாமல் போவதற்கும் பரப்பு காரணம் அல்ல.

தமிழ்நாட்டுச் சட்டத்தில் இருந்தே ஆக வேண்டியவை சில உண்டு. 2030-க்குள் பாதி மின்சாரம் பசுமை மின்சாரமாக இருக்கும் என்று அரசு அறிவித்திருக்கிறது. அந்த எண்ணும் ஆண்டும் சட்டப் பிரிவாக எழுதப்பட வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு எட்டினோம், எத்தனை மணி நேரம் காற்றாலைகளும் சூரிய நிலையங்களும் நிறுத்தப்பட்டன, ஏன் என்ற அறிக்கை பேரவையில் வைக்கப்பட்டு ஒரு நாள் முழுக்க விவாதிக்கப்பட வேண்டும். இலக்கு தவறினால் குடிமக்கள் நீதிமன்றம் போக உரிமை இருக்க வேண்டும். நியூயார்க் மாநிலம் 2019-இல் இயற்றிய பருவநிலைச் சட்டத்தின்படி வகுக்க வேண்டிய விதிகளைக் காலத்தில் வகுக்காமல் தாமதித்தபோது, சுற்றுச்சூழல் அமைப்புகள் வழக்குப் போட்டன. விதிகளை வெளியிடும்படி 2025-இல் நீதிபதி மாநில அரசுக்கே உத்தரவிட்டார்.

அந்த நியூயார்க் சட்டத்தில் நாம் கண்டிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டிய இன்னொரு பிரிவு, மாசால் அடிபட்ட ஏழைப் பகுதிகளுக்குத் தூய மின்சார முதலீட்டின் பலனில் குறைந்தது 35 சதவீதம் போய்ச் சேர வேண்டும் என்பது. இதைப் படிக்கும்போது செப்பாக்கம் நினைவுக்கு வராமல் இருக்காது. வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளத்தை ஒட்டி இருக்கும் சிற்றூர் அது. காற்று அடிக்கும்போது சாம்பல் கிளம்பி ஓட்டின் மேலும் அரிசிப் பானையின் மேலும் படியும். சாம்பல் குழம்பைக் கொண்டுபோகும் குழாய்கள் உடைந்து உடைந்து கொசஸ்தலையாற்றின் கழிமுகம் மேடுதட்டிப் போயிருக்கிறது. தண்ணீரில் இறங்கிக் கையால் இறால் பிடிப்பவர்களின் காலுக்குக் கீழே மணலுக்குப் பதில் சாம்பல் சேறு. எண்ணூர்க் காட்டுக்குப்பத்து மீனவர்கள் இதற்காகப் பசுமைத் தீர்ப்பாயத்தின் படியேறியும் ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அதற்குள் அதே எண்ணூரில் 800 மெகாவாட் அனல் அலகு ஒன்று புதிதாக வந்துவிட்டது. பல தலைமுறையாக மாநிலத்துக்கே மின்சாரம் தந்து நுரையீரலைக் கொடுத்த ஊர்களுக்கு, தூய மின்சாரத்தின் முதல் வேலையும் முதல் வருமானமும் முதல் மருத்துவமனையும் போக வேண்டும். அது கருணையாக அல்ல, சட்ட உரிமையாக எழுதப்பட வேண்டும்.

தூய மின்சாரம் என்பதாலேயே அதற்கு எல்லாம் அனுமதிக்கப்படக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். ராமநாதபுரத்திலும் தூத்துக்குடியிலும் விருதுநகரிலும் கரிசல் நிலத்தை நூறு நூறு ஏக்கராக வளைத்துச் சூரியத் தகடு பதிக்கும்போது ஆடு மேயும் புறம்போக்கும் கண்மாய்க்கு வரும் ஓடையும் காணாமல் போகின்றன. வரத்து ஓடையை அடைத்துக் கம்பிவேலி போட்ட நிறுவனத்துக்குப் பசுமைச் சான்றிதழ் கொடுப்பது நியாயமாகாது. நிலமும் நீரும் வேளாண்மையும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. ஓடை, கண்மாய், மேய்ச்சல் புறம்போக்கில் கைவைக்கக் கூடாது, கிராம சபையின் ஒப்புதல் இல்லாமல் பெரிய சூரியப் பூங்கா கூடாது என்று சட்டமன்றம் நாளைக்கே எழுதலாம்.

மின்சாரம் பொதுப் பட்டியலில் இருக்கிறது, ஒன்றியச் சட்டத்தோடு மோதும் என்பது முதல் ஆட்சேபம். மோதும் பிரிவுகளுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கேட்போம். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக அதைக் கேட்டுச் சில நாட்களில் பெற்றவர்கள்தானே நாம்? மோதாத பிரிவுகள் தனிச் சட்டமாகவே போகட்டும். ஆளுநரிடம் கிடக்கும் என்ற அச்சத்துக்கு அடிப்படை உண்டு. ஆளுநர் நிறுத்திவைத்த பத்து சட்டமுன்வடிவுகளுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ளலாம் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் அரசமைப்பு அமர்வு, ஆளுநருக்கு நீதிமன்றம் காலவரம்பு விதிக்க முடியாது என்று கருத்துரைத்தது. ஆனால் கிடப்பில் போடப்படும் என்பதற்காக எழுதாமலே இருப்பது, கேட்காமலே தோற்பதாகும்.

மின்வாரியத்தின் கடன்தான் உண்மையிலேயே கனமான ஆட்சேபம். ஒரு லட்சம் கோடி ரூபாயை எப்போதோ தாண்டிய கடன் அது. அதிகக் கட்டணம் கட்டும் ஆலைகள் எல்லாம் சொந்தச் சூரிய மின்சாரத்துக்குப் போய்விட்டால் வீடுகளுக்கும் விசைத்தறிக்கும் கொடுக்கும் சலுகையை யார் தாங்குவது என்று மின்வாரிய அதிகாரிகள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கூரைச் சூரிய மின்சாரத்துக்கு நெட்வொர்க் கட்டணம் விதித்தது இந்தப் பயத்தால்தான். திருப்பூரிலும் கோவையிலும் சிறு தொழில் செய்வோர் அதை எதிர்த்துக் குரல் கொடுத்ததிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கடனை வளர்ப்பது எது? மாலை உச்ச நேரத்தில் மின்சந்தையில் யூனிட் 10 ரூபாய் வரை கொடுத்து வாங்க வேண்டிய நிலையும், தூரத்திலிருந்து வரும் நிலக்கரியும்தான். சூரிய மின்சாரமோ ஏலத்தில் 3 ரூபாயை ஒட்டிக் கிடைக்கிறது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய பம்புசெட்டுகளுக்கு 1990 முதல் இலவச மின்சாரம் தருகிறோம்; அது தொடர வேண்டும். அந்த விவசாயத் தடங்களுக்குப் பக்கத்திலேயே சிறு சூரிய நிலையங்கள் அமைத்துப் பகலில் மும்முனை மின்சாரம் தந்தால் அரசின் மானியச் செலவும் குறையும், நள்ளிரவில் பாம்புக்குப் பயந்து டார்ச்சோடு மோட்டார் போடப் போகும் வேலையும் விவசாயிக்கு இருக்காது.

கூட்டத்தொடரின் கடைசி நாட்களில் சட்டமுன்வடிவுகள் கட்டுக்கட்டாக வந்து, சில நிமிடங்களில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறும் வழக்கம் இதற்கு ஆகாது. அடுத்த கூட்டத்தொடரின் முதல் வாரத்திலேயே முன்வடிவை அறிமுகம் செய்து தேர்வுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். அரசு கொண்டுவரத் தயங்கினால் 234 பேரில் ஒருவர் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவர வேண்டும். தோற்றாலும் யார் எந்தப் பக்கம் நின்று பேசினார்கள் என்பது பேரவைக் குறிப்பில் பதிவாகும். தேர்வுக் குழு தலைமைச் செயலகத்தில் உட்கார்ந்து மனு வாங்காமல் முதல் அமர்வைச் செப்பாக்கத்திலும், அடுத்ததைக் காற்றாலைகள் நிற்கும் கயத்தாறிலும், மூன்றாவதைத் திருப்பூரிலும் நடத்தட்டும். அந்த ஊர்க்காரர்கள் சொல்வதை எழுதிக்கொண்டு வந்து பிரிவு பிரிவாக வாக்கெடுப்பு நடத்தட்டும்.