முதல் பெஞ்சு மட்டும் போதாது



ஆண்டுதோறும் மார்ச் 3, உலகச் செவித்திறன் நாள் வந்தால், எத்தனை குழந்தைகளுக்கு உட்செவியில் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவியை இலவசமாக வைத்தோம் என்று மேடையில் கணக்கு வாசிக்கிறார்கள். நல்ல காரியம்தான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இல்லையென்றால் என் மகளுக்கு அந்தக் கருவி கனவாகவே போயிருக்கும். ஆனால், அந்தப் பிள்ளைகளின் காதில் இன்று பாடம் விழுகிறதா என்ற கணக்கை யாரும் வாசித்து நான் கேட்டதில்லை.

"அதான் மெஷின் வைத்தாச்சே, இன்னும் என்ன?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். நல்ல காதின் உட்செவியில் சுமார் 15,000 மயிர்ச்செல்கள் பார்க்கும் வேலையை, இந்தக் கருவி 12 முதல் 22 மின்முனைகளை வைத்துச் சமாளிக்கிறது. சத்தமில்லாத ஸ்பீச் தெரபி அறையில் அது போதும். பிள்ளை கதையே சொல்லும். வகுப்பறையிலோ, கடகடக்கும் மின்விசிறிக்குக் கீழே, பக்கத்து வகுப்பின் வாய்ப்பாட்டுக்கு நடுவே, பேச்சும் இரைச்சலும் சேர்ந்து குழைந்துதான் உள்ளே போகும். அரசு உதவியில் பெரும்பாலும் ஒரு காதுக்கு மட்டுமே கருவி என்பதால், குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றுகூடப் பிடிபடாது.

பள்ளியில் முறையிட்டால் கிடைக்கும் ஒரே பதில்: "முதல் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறோமே!" ஆசிரியர் என்ன, முதல் பெஞ்சுக்கு முன்னாலேயே நிற்பவரா? கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே பேசுவார். கடைசி வரிசைவரை நடப்பார். பின்னாலிருந்து ஒரு மாணவி சொல்லும் பதில் என் மகளுக்கு வந்து சேர்வதே இல்லை. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் குரல் 6 டெசிபல் இறங்கிவிடும். காது மந்தமான பிள்ளைக்கோ, சுற்றியுள்ள சத்தத்தைவிட ஆசிரியர் குரல் 15 டெசிபலாவது தூக்கலாக இருக்க வேண்டும் என்பது ஆடியாலஜிஸ்டுகள் பின்பற்றும் அளவு. தகரக் கூரையும் வெறும் சுவரும் உள்ள வகுப்பில், தொண்டை கிழியக் கத்தினாலும் இது நடக்காது.

இதற்குத் தீர்வு ஏற்கெனவே இருக்கிறது. ஆசிரியர் சட்டையில் ஒரு சிறிய வயர்லெஸ் மைக்கைக் குத்திக்கொண்டால், அவர் குரல் நேரே பிள்ளையின் கருவிக்குப் போய்விடும். எங்கே நின்று பேசினாலும் வாயருகே இருந்து கேட்பதுபோலக் கேட்கும். கேள்வி நேரத்தில் அதே மைக்கை மாணவர்களிடம் கைமாற்றலாம். இம்ப்ளான்ட்டின் விலையோடு ஒப்பிட்டால் இது சொற்பம். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவருக்கோ மலை. பல லட்ச ரூபாய்க்குக் கருவி தரும் அரசு, அதைக் கேட்கவைக்கும் துணைக்கருவியை மட்டும் ஏன் பெற்றோர் தலையில் கட்டுகிறது? மருத்துவத் தரப்பில் கேட்டால் பள்ளியைக் காட்டுகிறார்கள். பள்ளியில் கேட்டால் மாற்றுத்திறனாளிகள் அலுவலகத்துக்கு எழுதச் சொல்கிறார்கள்.

செலவே இல்லாத வேலைகளைக்கூட யாரும் தொடவில்லை. மின்விசிறிக்கு எண்ணெய் விடலாம், பெஞ்சுக் கால்களுக்கு ரப்பர் போடலாம், சாலைப் பக்கத்து அறையை மாற்றிக் கொடுக்கலாம்.

பள்ளியைத் தாண்டினால் நிலைமை இன்னும் மோசம். ரயில் நிலையத்தில் கண்ணாடிக்கு அப்பாலிருந்து முணுமுணுக்கும் கவுன்ட்டர், ஒலிபெருக்கியே இரைச்சலாகிப்போன பேருந்து நிலையம். விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் பொதுக் கட்டடங்களை அணுகத்தக்கதாக மாற்ற வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அந்தக் கெடு 2022லேயே முடிந்துவிட்டது. அணுகுவசதி என்றாலே சாய்தளம் கட்டுவது என்று நினைப்பவர்களுக்குக் காது எங்கே நினைவில் நிற்கும்?

வரும் ஜூனில் பள்ளி திறக்கும் முன், இம்ப்ளான்ட் பொருத்திய ஒவ்வொரு பிள்ளைக்கும் வயர்லெஸ் மைக்கைக் காப்பீட்டுத் திட்டத்திலேயே சேர்த்து அரசாணை வெளியிட வேண்டும். அதை மாட்டிக்கொள்ள ஆசிரியர்களுக்கு அரை நாள் பயிற்சி போதும்.

இம்ப்ளான்ட் பொருத்திய சிறுமியின் தந்தை,
திருநெல்வேலி.