டாங்கோ நடனமும் குழுத் தலைவரும்



அர்ஜெண்டினாவின் டாங்கோ நடனத்தைத் திரைப்படங்களில் கண்டவர்கள், ஆண் இழுக்கிறான், பெண் சுழல்கிறாள் என்றே எண்ணியிருப்பர். உண்மை வேறு. 'மிலோங்கா' எனப்படும் நடனக் கூடல்களில் ஆடும் டாங்கோவில் மனப்பாடம் செய்த அடவு வரிசை கிடையாது. அடுத்த அடி எது என்பதை வழிநடத்துபவர் அக்கணத்திலேயே முடிவு செய்கிறார். அதைக் கையால் தள்ளியோ இழுத்தோ உணர்த்துவது பிழை. மார்பைத் திருப்பும் திசையாலும், தம் உடல் எடையை மாற்றும் விதத்தாலும் உணர்த்த வேண்டும். பின்தொடர்பவர் அக்குறிப்புக்குக் காத்திருக்க வேண்டும், ஊகித்து முந்திக்கொள்ளலாகாது.

அத்துடன் முடிந்துவிடவில்லை. பின்தொடர்பவர் அடியை வைத்து முடிக்கும்வரை வழிநடத்துபவரும் காத்திருக்கத்தான் வேண்டும். இணையரின் எடை எந்தக் காலில் நிற்கிறது என்பதை அறியாமல் அடுத்த குறிப்பைத் தருவது வீண். எடை தாங்கி நிற்கும் காலையே எடுத்து வை என்றால் எவரால் இயலும்?

1940-களில் புவெனஸ் அயர்ஸ் நகரில் ஆடவர் மட்டுமே கூடிப் பயின்ற பயிற்சிக் களங்கள் இருந்தன. புதிதாகச் சேர்ந்த இளைஞன் முதலில் பின்தொடரக் கற்றான். வழிநடத்தும் பங்கு பிறகுதான் கிடைத்தது என்று அக்கால ஆட்டக்காரர்கள் நினைவுகூர்ந்துள்ளனர். 1983-இல் பாரிசில் அரங்கேறிய 'டாங்கோ அர்ஜெண்டினோ' மேடை நிகழ்ச்சிக்குப் பின்னர் இந்நடனம் மீண்டும் உலகெங்கும் பரவியது. ஆனால், முதல் நாளே ஆண்களை ஒருபுறமும் பெண்களை மறுபுறமும் நிறுத்தும் வகுப்புகளே பெருகின. நேரம் குறைவு என்பார்கள். எனக்கு அது ஏற்புடையதன்று. தவறான குறிப்பு எப்படி வலிக்கும் என்பதை உடலால் அறியாதவர், தம் குறிப்பை எங்ஙனம் திருத்துவார்? இருவருக்கும் இரு பங்குகளையும் கற்பிக்கும் ஆசிரியர்களும் இன்று இருக்கிறார்கள் என்பது ஆறுதல்.

நம் வகுப்பறைக்கு வருவோம். குழு நடவடிக்கை என்றாலே கணீரென்று பேசும் அதே மாணவரைத் தலைவராக்கி விடுகிறோம். மாஜோங் தாளும் மார்க்கர் பேனாவும் ஆண்டு முழுவதும் அவர் கையில். என் பிள்ளை ஏன் தலைவராகவில்லை என்று கேட்கும் பெற்றோர் உண்டு; என் பிள்ளைக்குப் பிறர் சொல்வதைக் கேட்டுச் செய்ய வருகிறதா என்று கேட்டவரை நான் இன்னும் சந்திக்கவில்லை!

அடுத்த முறை, அத்தலைவரை இரு வாரங்களுக்கு வேறொரு குழுவில் உறுப்பினராக அமர்த்திப் பாருங்கள். எந்தக் கட்டளை புரிந்தது, எது புரியவில்லை என்று அவரிடமே கேளுங்கள். பெற்றோர்களே, பிள்ளை வீட்டுக்கு வந்து "என் பதவியைப் பிடுங்கிவிட்டார்கள்" என்று அழுதால், ஆசிரியரைத் தொலைபேசியில் அழைக்குமுன் அந்த இரு வாரங்கள் மட்டும் பொறுத்திருங்கள்.