கறுப்பு மணலும் வெள்ளைச் சுவரும்

விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது, பஸ் திரியாயைத் தாண்டி யான் ஓயாப் பாலத்தில் ஏறினால் என் மூத்தாப்பாவுக்குப் பேச்சு வந்துவிடும். "இல்மனைட் பெக்டரி இல்லாட்டி இந்த ரோட்டால யாரு மகள் வருவான்?" என்பார். புல்மோட்டையில் பிறந்த எங்களுக்கு அந்தத் தொழிற்சாலை வயதில் மூத்த ஓர் உறவினர் மாதிரி.

1957 இல் கனிய மணல் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. காங்கேசன்துறையில் சீமெந்து, வாழைச்சேனையில் கடதாசி, பரந்தனில் இரசாயனம் என்று வடக்கு கிழக்கில் அரசாங்கம் ஆலைகளை எழுப்பிய காலம் அது. 1992 இல் கூட்டுத்தாபனம் அரசுக்குச் சொந்தமான கம்பனியாக மாறியது. 1997 செப்டெம்பரில் இல்மனைட் ஏற்ற வந்த கப்பல் எங்கள் கடலில் தாக்கப்பட்டது. அதையும் தாண்டி அது நிற்கிறது.

அங்கு நடக்கும் வேலை பிரித்தெடுப்பது. வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கொண்டுவந்து போடும் கறுப்பு மணலை அள்ளி, கழுவி, காந்தத்தால் இல்மனைட்டையும், மின்னேற்றத்தால் ரூட்டைல், சேர்க்கோன் ஆகியவற்றையும் பிரிக்கிறார்கள். பிறகு கப்பல். இல்மனைட்டிலும் ரூட்டைலிலும் இருப்பது தைத்தேனியம். அதன் ஒட்சைட்டுத்தான் நமது வகுப்பறைச் சுவரின் வெள்ளைப் பெயின்ற். மணலை விற்று, வெள்ளையை வாங்குகிறோம்.

ஆரம்பம் பிழை என்று நான் சொல்லமாட்டேன். ஆரம்பத்திலேயே நின்றுவிட்டதுதான் என் மனக்குறை. கேரளத்திலும் இதே வகை மணல் உண்டு. அங்கே 1946 இல் தொடங்கப்பட்ட திருவிதாங்கூர் தைத்தேனியம் நிறுவனம் அந்த மணலிலிருந்து வெள்ளை நிறப்பொருளையே செய்தது. நம்மிடமோ ரூட்டைல் புல்மோட்டையில் இருந்தது. அதை மாற்றத் தேவையான குளோரின் பரந்தனில் உற்பத்தியானது. இரண்டும் ஒருநாளும் சந்திக்கவில்லை. பரந்தன் ஆலையைப் போர் மூடிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், உயர்தர இரசாயனவியலில் ரூட்டைலிலிருந்து தைத்தேனியம் ஈரொட்சைட்டு செய்யும் குளோரைட்டு முறையை நாங்கள் படிக்கிறோம். படம் வரைந்து, அம்புக்குறி போட்டுப் புள்ளியும் வாங்குகிறோம். வரைந்த ஆலை இந்த நாட்டில் எங்கும் இல்லை. கணிதப் பிரிவு வேண்டாம், வேறு ஏதாவது படி என்று பிள்ளைகளை மறிக்கும் உம்மாமாரும் வாப்பாமாரும் இதைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும். அந்த ஆலையைக் கட்ட இரசாயனப் பொறியியலாளர்கள் வேண்டும். அவர்கள் எங்கள் வகுப்பிலிருந்தும் வரலாம்.

இதையெல்லாம் மூத்தாப்பாவிடம் சொன்னேன். அவர் கடலைப் பார்த்தபடி, "கழிவு எங்க போகும் மகள்? வலை போடுறவன் என்ன செய்வான்?" என்று கேட்டார். இல்மனைட்டை அமிலத்தில் கரைக்கும் பழைய முறையில் கழிவு அதிகம், குளோரைட்டு முறையில் குறைவு, குளோரினைத் திரும்பவும் பாவிக்கலாம் என்றேன்.

"குறைவு எண்டா எவ்வளவு?" என்றார். கொப்பியைப் புரட்டினேன். அது எங்கள் பாடத்தில் இல்லை.