புதுத் தொட்டி பளபளப்பாக இருந்தால் போதுமா?

கப்பி மீன் வளர்க்கும் மாணவர்களுக்கு ஒரு நாள் காலையில் ஆச்சரியம் ஒன்று காத்திருக்கும். முந்திய இரவு நாலே மீன்கள் இருந்த தொட்டியில், செடிகளின் இடுக்குகளில் இருபது முப்பது குஞ்சுகள் ஒளிந்துகொண்டிருக்கும். கப்பி முட்டையிடுவதில்லை, குஞ்சுகளையே ஈனுகிறது. ஏறத்தாழ நாலு வாரத்துக்கு ஒரு முறை இது நடக்கும். ஆண் மீனைப் பிரித்து வைத்த பிறகும் சில மாதங்கள் வரை நடக்கும். விந்தணுக்களைச் சேமித்து வைத்துக்கொள்ளும் வசதி பெண் கப்பியின் உடலில் இருக்கிறது.

பெற்ற தாயே குஞ்சுகளை விழுங்கிவிடும் என்பதால் ஹைட்ரில்லா போன்ற செடிகளை அடர்த்தியாகப் போட்டு வைப்பீர்கள். வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவை இம்மியளவு கரைத்துக் கொடுப்பீர்கள். இதிலெல்லாம் நீங்கள் தவறு செய்வதில்லை. தவறு நடப்பது ஒரு மாதம் கழித்து, வளர்ந்த குஞ்சுகளைப் புதுத் தொட்டிக்கு மாற்றும்போதுதான்.

நானும் அந்தத் தவறைச் செய்தவன். பள்ளி நாட்களில் புதுத் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, கூழாங்கற்களை வெந்நீரில் அலசிப் போட்டு, குழாய்த் தண்ணீரை இரண்டு நாள் வைத்திருந்து ஊற்றினேன். தண்ணீர் பளிங்காக இருந்தது. குஞ்சுகளை விட்டேன். நாலைந்து நாளில் அவை மேற்பரப்பில் வாயைத் திறந்து திணறத் தொடங்கின. காற்றுக் குழாயை இன்னும் பலமாக வைத்தேன். பயனில்லை. அந்த வாரம் முடிவதற்குள் ஐந்தோ ஆறோதான் மிஞ்சின.

என்ன குறை? சுத்தம் அதிகமாகிவிட்டது என்பதுதான் குறை! மீன்கள் தங்கள் கழிவை அம்மோனியாவாகப் பெரும்பாலும் செவுள்கள் வழியாகவே வெளியேற்றுகின்றன. மிஞ்சிய தீனி அழுகினாலும் அம்மோனியாதான். அது நஞ்சு. பழைய தொட்டியில் ஒருவகைப் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதுவும் நஞ்சே. இரத்தத்தில் கலந்து, ஹீமோகுளோபின் பிராணவாயுவைச் சுமக்க முடியாதபடி செய்துவிடுகிறது. தண்ணீரில் எவ்வளவு காற்று இருந்தும் என் மீன்கள் திணறியதன் காரணம் இதுவாகவே இருக்க வேண்டும். வேறு பாக்டீரியாக்கள் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றிய பிறகே ஆபத்து குறைகிறது. வயலில் தழைச்சத்து மாறுவதைப் பற்றிப் பாடத்தில் படிக்கிறீர்களே, அதே வேலைதான் தொட்டிக்குள்ளும் நடக்கிறது.

இந்தப் பாக்டீரியாக்கள் மெதுவாகவே பெருகும். பாலைத் தயிராக்கும் பாக்டீரியாக்களைப் போல ஓர் இரவில் வேலையை முடிப்பவை அல்ல. புதுத் தொட்டியில் நிலைபெற நாலு முதல் ஆறு வாரங்கள் ஆகும். “இரண்டு நாள் தண்ணீர் வைத்தால் போதும், தம்பி” என்று கடைக்காரர்கள் சொல்வது குளோரின் போவதற்குச் சரி. பாக்டீரியாக்கள் வளர்வதற்கு அது போதாது.

பழைய தொட்டித் தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றினால் என்ன என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி, ஆனால் அந்தப் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் தண்ணீரில் மிதப்பதில்லை. கற்களின் மேலும் வடிகட்டியின் பஞ்சிலும் ஒட்டி வாழ்கின்றன. ஆகவே கழுவாத கூழாங்கற்கள் இரண்டு கைப்பிடியும், வழுவழுப்பு ஏறிய பழைய பஞ்சும்தான் புதுத் தொட்டிக்கு நீங்கள் தரவேண்டிய சீதனம். அவற்றைக் குழாய்த் தண்ணீரில் அலசிவிடாதீர்கள். குளோரின் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். பிறகு மீன் இல்லாமலே தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டு வாருங்கள். அது அழுகி, பாக்டீரியாக்களுக்கு உணவாகும். அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் காட்டும் சோதனைத் திரவங்கள் கடைகளில் கிடைக்கின்றன. தீனி போட்டு வரும்போதே இரண்டும் இல்லை என்று காட்டும் நாள்தான் குடிபோகும் நாள்.

அன்றும் நிதானம் தேவை. குஞ்சுகள் உள்ள பையைக் கால் மணி நேரம் புதுத் தொட்டியில் மிதக்க விடுங்கள். வெப்பநிலை சமமானதும், புதுத் தண்ணீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேருங்கள். முதல் நாளே எல்லாவற்றையும் விடாமல், பத்துப் பத்தாக விடுவது என் வழக்கம். தொட்டியின் பாக்டீரியாக்களும் அதற்கேற்பப் பெருக வேண்டுமே!

இடம் போதாமல் மிஞ்சும் குஞ்சுகளை ஊர்க்குளத்தில் விடுவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கப்பி தென் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியையும் டிரினிடாட் தீவையும் சேர்ந்த மீன். கொசுப்புழுவைத் தின்னும் என்று நம்பிப் பல நாடுகளில் விட்டார்கள். போன இடங்களிலெல்லாம் பெருகி, உள்ளூர்ச் சிறு மீன்களுடன் உணவுக்குப் போட்டியிடுகிறது. வகுப்புத் தோழர்களுக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது ஒரு கைப்பிடி பழைய கற்களையும் சேர்த்துக் கொடுங்கள்.