சபையின் பியானோவும் மழைக்காலமும்



காந்தலூரிலும் மறையூரிலும் பிறந்து, பிழைப்பை நாடிச் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் வந்து குடியேறிய நமக்கு, ஈரம் என்ன செய்யும் என்பதை ஒருவரும் கற்பிக்க வேண்டியதில்லை. மறையூர் வெல்லத்தை மழைநாளில் மூடாமல் வைத்தால் அது கசிந்துவிடும். பூண்டைத் தாளோடு கட்டிக் காற்றாடத் தொங்கவிடாமல் ஈரத்தோடு சாக்கில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும். இத்தனையும் அறிந்த நாம், பெரும் பொருள் செலவிட்டு வாங்கிய பியானோவை மட்டும் மேசை நாற்காலியைப் போல எண்ணிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் சபைக்கு ஒரு குடும்பத்தார் தங்கள் பழைய பியானோவை அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி ஆராதனை முடிந்தபின் வந்து அதில் பழகினாள். இரண்டு மழைக்காலங்கள் கடந்தன. கட்டைகள் அழுத்தினால் மேலே எழும்பவில்லை, சுருதி நிற்கவில்லை. சுருதி சேர்க்க வந்த பெரியவர் பின்பக்கத்தைத் திறந்து பார்த்து, “ஐயா, இது ஈரத்தினால் மட்டும் கெட்டதல்ல. வாரத்தில் ஒருநாள் காயவைத்து ஆறுநாள் நனையவிட்டதால் கெட்டது” என்றார். ஞாயிறுதோறும் நான்கு மணிநேரம் குளிர்சாதனம் ஓடும். மற்ற நாட்களில் அறை பூட்டிக் கிடக்கும். நாங்கள் நன்மை என்று எண்ணிச் செய்ததே அதற்குத் தீங்காயிற்று. ஒலிப்பலகையில் பிளவு விழுந்திருந்தது. அதைச் சீர்செய்யும் செலவு எங்கள் சக்திக்கு மிஞ்சியது. அச்சிறுமியின் முகம் வாடியதை இன்றும் நான் மறக்கவில்லை.

அது ஏன் அப்படி நேர்ந்தது? பியானோவுக்குள் ஏறத்தாழ 230 கம்பிகள் இருக்கின்றன. அவை யாவும் சேர்ந்து இழுக்கும் விசை 18 முதல் 20 டன் வரை இருக்கும். கம்பிகளின் அதிர்வை ஒலியாகப் பெருக்குவது ஸ்புரூஸ் மரத்தால் ஆன மெல்லிய ஒலிப்பலகை. மரம் ஈரத்தைக் குடித்தால் விரியும், பலகை மேல்நோக்கி வளைந்து கம்பிகளை இறுக்கும், சுருதி ஏறும். காய்ந்தால் சுருங்கும், சுருதி இறங்கும். இப்படி மாறி மாறி நடக்கும்போது பலகை வெடிக்கிறது. கம்பிகளை முறுக்கிப் பிடிக்கும் ஆணிகள் தளர்கின்றன. கட்டைகளின் அடியில் உள்ள கம்பளித் துணி ஊதிக்கொள்வதால் கட்டைகள் சிக்கிக்கொள்கின்றன, கம்பிகளும் துருப்பிடிக்கின்றன.

இது புதிய தொல்லை அன்று. 1842ஆம் ஆண்டில் மிஸ்கித் நிறுவனமாகத் தொடங்கிப் பின்னர் மியூசி மியூசிகல் என்று பெயர் பெற்ற கடை, சென்னை அண்ணாசாலையில் தலைமுறை தலைமுறையாகப் பியானோ விற்று வந்திருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவுக்கு அனுப்புவதற்கென்றே சில பியானோக்களைத் தனியாகச் செய்தார்கள். வெப்பத்திலும் ஈரத்திலும் பசை இளகிவிடும் என்று அறிந்து, மூட்டுகளைத் திருகாணிகளால் இறுக்கினார்கள்.

ஆகையால் வீட்டிலோ சபையிலோ பியானோ வைத்திருப்போர் கவனிக்க வேண்டியவை:

1. ஈரப்பதத்தை அளக்கும் சிறு கருவி ஒன்றை வாங்கிப் பியானோவின் அருகே வையுங்கள். 40 முதல் 60 சதவீதம் வரை இருப்பது நல்லது. மழைக்காலத்தில் கடலோர நகரங்களில் இது 80ஐத் தாண்டுவது வழக்கம். எண்ணைவிட அது நிலையாக இருப்பதே முக்கியம்.

2. மழைநீர் ஊறும் வெளிச்சுவர், ஜன்னல், சமையலறை, குளிர்சாதனக் காற்று நேராகப் படும் இடம் ஆகியவற்றுக்கு விலக்கி வையுங்கள். சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளியிருக்கட்டும்.

3. பிளாஸ்டிக் உறையால் மூடாதீர்கள். ஈரம் உள்ளேயே அடைபடும். பருத்தித் துணி போதும்.

4. பியானோவுக்கென்றே செய்யப்பட்ட, குறைந்த மின்சாரத்தில் இயங்கும் சூடேற்றும் தண்டு கிடைக்கிறது. ஈரம் மிகும்போது மட்டும் அதை இயக்கும் கருவியோடு சேர்த்து, அறிந்தவரைக் கொண்டு பொருத்துங்கள். உள்ளே சாதாரண பல்பைத் தொங்கவிடுவது தீ விபத்துக்கு இடமாகும்.

5. சிக்கிய கட்டைக்கு எண்ணெய் விடவே விடாதீர்கள். கம்பளி அதை உறிஞ்சிக்கொள்ளும். பின் சீர்செய்வது கடினம்.

6. ஆண்டுக்கு இருமுறை சுருதி சேர்க்க வேண்டும். மழை ஓய்ந்தவுடனே அவசரப்படாமல், இரண்டு மூன்று வாரம் கழித்து, மரம் நிலைப்பட்டபின் செய்வது நல்லது. அப்போதே உட்புறத் தூசியையும் அந்துப்பூச்சியையும் எலியையும் கவனிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வாடகை வீட்டில் வாழ்ந்து, ஆண்டுதோறும் இச்செலவைத் தாங்க இயலாதவர்கள், பிள்ளைகளுக்கு 88 கட்டைகளும் பாரமான அழுத்தமும் உள்ள மின்னணுப் பியானோவை வாங்குவதில் குறை ஏதுமில்லை. அதற்கும் தூசியும் ஈரமும் ஆகா. ஆனால் சுருதி சேர்க்க வேண்டியதில்லை. கடன்பட்டு வாங்கிக் கெடவிடுவதைவிட அதுவே மேல்.

சாலொமோன் ராஜா வாசமரங்களினால் சுரமண்டலங்களையும் தம்புருகளையும் செய்வித்ததை 1 ராஜாக்கள் 10ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அம்மரம் சந்தன வகை என்று கருதுவோரும் உண்டு. சந்தனக்காட்டின் அருகே வளர்ந்த நமக்கு, வெட்டியபின்னும் மரம் காற்றோடு ஈரத்தை வாங்கியும் விட்டும் வருகிறது என்பது தெரியும். நம்மிடம் ஒப்புவிக்கப்பட்ட வாத்தியத்தையும் அவ்வாறே எண்ணிக் கவனிப்போம். எங்கள் சபையின் சிறுமிக்கு நேர்ந்த ஏமாற்றம் உங்கள் பிள்ளைகளுக்கு நேராதிருக்கட்டும்.