பற்றும் வரவும்

போன வாரம் எங்கள் கிளைக்குப் புதுசாக வந்த பையன் (மதுரைக்காரன்) கேட்டான். "சார், நீங்க ஸ்கேல் மூணு வரைக்கும் வந்ததுக்கு என்ன காரணம்?"

"குடும்பத்தோட ஊக்கம்தாம்ப்பா" என்றேன். பதவி உயர்வு கிடைத்தவர்கள் எல்லோரும் சொல்கிற பதில்தான். ராத்திரி அறைக்கு வந்து ஒற்றை ஆளுக்குச் சோறு வடிக்கும்போதுதான் உறைத்தது, பாதிக் கணக்கைத்தான் சொல்லியிருக்கிறேன் என்று.

நான் சி.ஏ.ஐ.ஐ.பி. தேர்வு எழுதியபோது பெண்ணுக்கு ஒன்றரை வயது. தங்கமணிதான் அவளைத் தூங்கவைத்துவிட்டு, புத்தகத்தை வாங்கிக்கொண்டு கேள்வி கேட்பாள். அவளும் வங்கிதான், வேறொரு வங்கியில் கிளார்க். நான் தப்பாகச் சொன்னால் புத்தகத்தைப் பார்க்காமலே திருத்துவாள். எங்களில் யாருக்குப் பாடம் நன்றாகத் தெரியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை :)

பாஸ் செய்தேன். இன்கிரிமெண்ட் வந்தது. பின்னாலேயே பதவி உயர்வு, அப்புறம் நாக்பூர். நான் கிளம்பிய வருஷமே அவள் வங்கியில் கிளார்க்கிலிருந்து அதிகாரியாவதற்கான தேர்வு அறிவிப்பு வந்தது. அவள் விண்ணப்பிக்கவில்லை. அதிகாரியானால் வெளியூர் மாற்றம் நிச்சயம். பெண்ணையும் என் அம்மாவையும் யார் பார்ப்பது? நான் "எழுதாதே" என்று சொல்லவில்லை. "எழுது" என்றும் சொல்லவில்லை.

பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லித்தந்தார்கள், ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு என்று. என் பெயரில் வரவு வைத்த பதவி உயர்வை யார் பெயரில் பற்று எழுதினார்கள் என்று இத்தனை வருஷமாக நான் பேரேட்டைப் புரட்டிப் பார்க்கவே இல்லை.

ஊக்கம் என்றால் "உன்னால முடியும்" என்று முதுகில் தட்டுவது மட்டும் இல்லைங்க. அவர் படிக்கிற நேரத்தில் அடுப்படியில் யார் நிற்கிறார்கள், அவர் ஊர் மாறினால் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் ஊக்கம். ஆண் அதிகாரிக்கு இது கேட்காமலே கிடைத்துவிடுகிறது. பெண்களில் எத்தனையோ பேர் "பதவி உயர்வு வேண்டாம்" என்று எழுதிக் கொடுக்கிறார்கள். நாமும் "அவங்களுக்கு ஆர்வம் இல்லை" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்.

2014 ஆகஸ்டில் மத்திய நிதியமைச்சகம், பொதுத்துறை வங்கிகளில் வேலை செய்யும் பெண்கள் கேட்டால் கணவர் வேலை பார்க்கும் ஊரிலோ அதற்குப் பக்கத்திலோ இடம் கொடுக்கச் சொன்னது. நல்ல காரியம்தான். ஆனால் அதிலும் கணவன் இருக்கும் ஊருக்கு மனைவி போவதுதான் கணக்கு. மனைவியின் பதவி உயர்வுக்காகக் கணவன் மூட்டை கட்டுவதை எந்தச் சுற்றறிக்கையும் செய்துவிட முடியாது. அதை வீட்டில்தான் முடிவு செய்ய வேண்டும்.

இந்த வருஷம் அவள் வங்கியில் மறுபடி அறிவிப்பு வந்திருக்கிறது. போனில் "எழுது" என்றேன்.

"பொண்ணு பத்தாவது. யார் பார்ப்பாங்க?"

"நான்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சாம்பார் வைக்கத் தெரியுமா உங்களுக்கு?" என்றாள்.

சொந்த ஊருக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஸ்கேல் நாலு இண்டர்வியூவுக்கு இந்த முறை விருப்பம் தரவில்லை. மாற்றல் கிடைக்குமா, தெரியாது. புத்தகத்தை மட்டும் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். ராத்திரி ஒன்பதரைக்குப் போனில் கேள்வி கேட்பது இப்போது என் வேலை.

உங்கள் வீட்டுப் பேரேட்டில் பற்று யார் பெயரில் இருக்கிறது?