பறவை தின்ற மீனுக்கு யார் பொறுப்பு?

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் வடகிழக்குப் பருவமழை ஏரிகளையும் பண்ணைக் குட்டைகளையும் நிரப்பும் காலமே மீன் குஞ்சுகளை நீரில் விடும் காலமும் ஆகும். நீர்ப்பறவைகள் இனப்பெருக்கத்துக்காகத் திரள்வதும் ஏறத்தாழ அதே மாதங்களில்தான். விரலளவே உள்ள கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளைத் தேடி நீர்க்காகங்களும் நாரைகளும் வந்துவிடுகின்றன. கோடையில் நீர் வற்றி மீன்கள் ஒரு மூலையில் ஒடுங்கும்போது இரண்டாவது முறையாக இழப்பு நேர்கிறது.

இழப்பு எவ்வளவு? பெரிய நீர்க்காகம் நாளொன்றுக்குச் சுமார் அரைக் கிலோ மீனை உண்ணும். ஐம்பது பறவைகள் மூன்று மாதம் ஒரே ஏரியில் தங்கினால் 2,250 கிலோ என்று காகிதத்தில் கணக்கிடலாம். ஆனால், இது உச்சவரம்பே. பறவை உண்பதெல்லாம் குத்தகைதாரர் விட்ட மீனல்ல. வளர்ப்பு மீன்களின் உணவுக்குப் போட்டியிடும் ஜிலேபிக் கெண்டையும் பொடிமீன்களும் அதில் அடங்கும். மீன் பிடிக்கும் நாளில் குறையும் எடைக்குப் பறவை, விரால், திருட்டு, பிராணவாயுக் குறைவு எனக் காரணங்கள் பல இருக்கலாம். கண்ணில் படுவது பறவை மட்டுமே.

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நீர்க்காகம், நாரை, கொக்கு ஆகியவற்றைக் கொல்வது குற்றம். 2022-ஆம் ஆண்டுத் திருத்தம், தீங்குயிரிகளுக்கென இருந்த தனிப் பட்டியலையே நீக்கிவிட்டது. இருந்தும் நஞ்சு வைப்பதும், மின்கம்பி இழுப்பதும், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நரம்பு வலை கட்டுவதும் ஆங்காங்கே நிகழ்கின்றன. தோல் பதனிடும் கழிவால் ஏற்கெனவே நலிந்த பாலாற்றுப் படுகையில், உண்ணும் மீன் வளரும் நீரில் நஞ்சு கலப்பதைவிடப் பெரிய மடமை வேறில்லை.

சட்டம் தடுக்கிறது, சரி. அதன் செலவை யார் ஏற்பது? இக்கேள்வியை எழுப்ப இப்பகுதியைவிடப் பொருத்தமான இடம் இல்லை. 'மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும்' என்னும் கோட்பாடு இந்நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்டில் அறிவித்தது, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான். தோல் தொழில் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிரிடத் தகுதியிழந்ததாக அத்தீர்ப்பு பதிவு செய்தது. கடந்த 2025 ஜனவரியில் பாலாறு தொடர்பான மற்றொரு தீர்ப்பில், பாதிக்கப்பட்டோருக்கு அரசு முதலில் இழப்பீடு வழங்கிப் பின்னர் மாசுபடுத்தியோரிடம் வசூலிக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் ஆணையிட்டது.

நீர்க்காகத்திடம் யாரும் வசூலிக்க முடியாது. ஆனால், அதை வாழவிட வேண்டும் என முடிவெடுத்தது சமூகம். அம்முடிவின் பயன் அனைவருக்கும். செலவு மட்டும் ஒரு குட்டைக்காரருக்கு என்பது மாசு விஷயத்தில் நாம் ஏற்க மறுத்த அதே அநீதியின் மறுபக்கம். பயன்பெறுவோர் செலவில் பங்கேற்பதே முறை.

வேடந்தாங்கல் இதற்கு நல்ல சான்று. பறவைகளைச் சுடக்கூடாது என்ற உரிமைப் பத்திரத்தை அவ்வூர் மக்கள் 1798-லேயே ஆங்கிலேய ஆட்சியரிடம் பெற்றனர். எச்சம் கலந்த ஏரிநீர் தங்கள் வயலுக்கு உரமாவதை அறிந்த உழவர்கள் அவர்கள். பயன் கைக்கு வந்ததால் பரிவும் நிலைத்தது. சில ஆண்டுகளே நீடிக்கும் குத்தகையில் மீன் வளர்ப்பவருக்கு அந்தப் பயன் இல்லை. அவரிடம் அதே பரிவை எதிர்பார்ப்பது நியாயமன்று.

இழப்பீடு வழங்கினால் தீருமா? யானை மிதித்த வாழையை எண்ணலாம்; பறவை விழுங்கிய குஞ்சை எண்ண இயலாது. அளக்க முடியாத இழப்புக்கு ஈடு தரும் திட்டம் பொய்க் கணக்குகளில்தான் முடியும். எனவே, பொதுப்பணம் தடுப்புக்கே செல்ல வேண்டும்.

காவேரிப்பாக்கம் போன்ற பேரேரியை வலையால் மூடுவது நடவாத காரியம். மூட வேண்டியது நாற்றங்கால் குட்டையைத்தான். அங்கு வலைக்கூரையின் கீழ் குஞ்சுகளை நூறு கிராமுக்கு மேல் வளர்த்து ஏரியில் விட்டால், சிறிய நீர்க்காகமும் கொக்கும் அவற்றை எளிதில் விழுங்க முடியாது. வலை இறுக்கமாகவும், பறவையின் கண்ணுக்குத் தெரியும் தடித்த நூலாலும் இருக்க வேண்டும். தொய்ந்தால் பறவை சிக்கிச் சாகும். கரையைச் செங்குத்தாக வெட்டினால் நாரை நின்று மீன்பிடிக்க ஆழமற்ற நீர் கிடைக்காது. நீருக்குள் இருக்கும் விராலுக்கும் கெளுத்திக்கும், குஞ்சு விடுமுன் ஹெக்டேருக்கு 2,500 கிலோ இலுப்பைப் புண்ணாக்கு என்பது பழகிய முறை.

கொல்ல அனுமதித்தால் மலிவாக முடியும் என்பாருக்கு அமெரிக்க அனுபவம் உண்டு. அங்கு கெளுத்தி வளர்ப்போர் நீர்க்காகங்களைச் சுட 1998-இல் பொது அனுமதி தரப்பட்டது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் சுட்டும் பிரச்னை ஓயவில்லை. வலசைப் பறவையின் இடத்தை அடுத்த பறவை நிரப்பியது. சூழல் ஆய்வு போதாது என்று 2016-இல் நீதிமன்றம் அவ்வனுமதியை ரத்து செய்தது.

பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் குளம் வெட்டப் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியலினத்தோருக்கும் 60 சதவீதமும் மானியம் உண்டு. வெட்டிய குளத்தில் மீன் மிஞ்சினால்தான் அந்தப் பணத்துக்கும் பலன் கிடைக்கும். வலையிட்ட நாற்றங்கால்களை ஊராட்சி ஒன்றிய அளவில், மகளிர் குழுக்களிடம் ஒப்படைத்து, மாநில அரசு தன் செலவில் அமைத்துத் தரலாம். ஏரிக் குத்தகை ஒப்பந்தத்தில், வளர்ந்த குஞ்சுகளையே விட வேண்டும், நஞ்சு வைத்தால் குத்தகை ரத்து என இரு விதிகளைச் சேர்க்கலாம். நிதியாண்டு முடியும் மார்ச்சில் அவசரமாக மானியம் வழங்குவது நம் அலுவலக மரபு. வலையோ அக்டோபருக்கு முன் கட்டப்பட்டிருக்க வேண்டும்.